ஒன்பது பொரித்து மூன்று மிஞ்சினால் மிஷின் வாங்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 6 பெட்டை, ஒரு சேவல் வைத்திருக்கிறாராம், எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி. பங்குனியில் ஒரு கோழியை 12 முட்டையோடு அவயத்தில் (அடைகாக்க) வைத்ததில் 9 பொரித்தது. இன்றைக்கு 3 குஞ்சுதான் மிச்சம். “குஞ்சு வளர்த்து விற்கலாம் என்று ஆசை. கோழியை நம்பினால் இப்படித்தான், 50 முட்டை வைத்துப் பொரிக்கிற மிஷின் ஒன்று வாங்கு என்கிறான் தம்பி. வாங்கலாமா?” என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

12க்கு 9 என்பது முக்கால் பங்கு. அந்தக் கோழி தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. முதல் தடவை மிஷினில் முட்டை வைக்கிற பலருக்கு இந்தக் கணக்கு வராது. நீங்கள் இழந்த 6 குஞ்சும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு போனவை. மிஷினில் 30 குஞ்சு எடுத்தாலும் அதே முற்றம், அதே காக்கா, அதே கீரிதான். கொத்தி விரட்டுவதற்குத் தாய்க்கோழி இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அது போகட்டும், மிஷின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, 10 முதல் 15 முட்டை இடும், அப்புறம் அவயத்துக்கு உட்காரும். 6 கோழியும் ஒரே நேரத்தில் இடுவதில்லை. 3 கோழி இடுகிறது என்று வைத்தாலும் நாளுக்கு 2 முட்டை சேர்ந்தால் அதிகம். மிஷினை நிரப்ப 25 நாள் ஆகும். பொரிக்க வைக்கும் முட்டையோ ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் அதுவும் கிடையாது, 4 நாள்தான். ஏறத்தாழ 21 டிகிரியைத் தாண்டினாலே முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். போதுமான சூடு இல்லாததால் அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். மதுரையில் சித்திரை மாதம் நடுராத்திரியில்கூட வீட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி இருக்காது. 4 நாளில் உங்களுக்குச் சேருவது 8 முட்டை. அதற்கு ஒரு கோழியின் மடியே தாராளம்.

சேரச் சேர ஒவ்வொன்றாக மிஷினில் வைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கூடாது. பொரிக்க ஆகும் 21 நாளில் முதல் 18 நாள் முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் போதும். கடைசி 3 நாள் திருப்பவே கூடாது, ஈரப்பதம் 65க்கு மேல் வேண்டும். ஒரே பெட்டிக்குள் ஒரு முட்டைக்கு 19ஆம் நாள், இன்னொன்றுக்கு 6ஆம் நாள் என்றால் யாருக்கு ஏற்றபடி வைப்பது?

சூட்டு விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். காற்றாடி உள்ள மிஷினுக்கு 37.5 டிகிரி சரியான அளவு. என் முதல் மிஷினைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தேன். அக்னி நட்சத்திரம். பகல் 2 மணிக்குப் போய்ப் பார்த்தால் கொட்டகையே 40ஐத் தாண்டி நிற்கிறது. மிஷினுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. அந்த ஈட்டில் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. கோழியை எடுத்துக்கொண்டால், வெக்கை தாங்காவிட்டால் எழுந்து நிற்கும், காற்று பட இறகை விரிக்கும். தினமும் இரை எடுக்கவும் எச்சம் போடவும் கால் மணி நேரம் இறங்கிவிட்டு வரும். முட்டை கொஞ்ச நேரம் ஆறுவதால் கெட்டுப்போவதில்லை, மிஞ்சிய சூடுதான் கொல்லும்.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. போடுங்கள், ஒரு குறையும் இல்லை. மிஷின்காரர்கள்தான் உண்மையிலேயே இடிக்குப் பயப்பட வேண்டும். கோடை மழைக்கு முதலில் போவது கரண்ட். (ஒன்றிரண்டு மணி நேரம் போனால் மூடியைத் திறக்காமல் கம்பளியைப் போர்த்திவிட்டால் தாங்கும்.)

ஆகவே கோழியையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வைக்கிற முறையில் ஒரு திருத்தம் சொல்கிறேன். கோழி அவயத்துக்கு உட்காரும்போது அது இட்ட முதல் முட்டைக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதை ஆம்லெட் போட்டுவிடுங்கள். உங்கள் கோழிகள் எல்லாம் கடைசி 4 நாளில் இட்டதைச் சேர்த்து வையுங்கள். 10 தேறாவிட்டால் நாட்டுச் சேவல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் புது முட்டையாக வாங்கிக்கொள்ளலாம். அந்த 4 நாளும் முட்டை மண்பானையில் இருக்கட்டும். அடியில் ஈர மணல், அதன் மேல் ஒரு சாக்கு, அதன் மேல் முட்டை, கூர்முனை கீழே. கழுவ வேண்டாம். பிரிட்ஜிலும் வேண்டாம், அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது.

இருட்டும் நிழலும் உள்ள மூலையில் கூடையை வைத்து, அடியில் சாம்பலும் மணலும் பரப்பி, இரவில் கோழியை உட்கார வையுங்கள். உட்காரும் முன் இறகைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேன் பிடித்த கோழி பாதியில் எழுந்து போய்விடும். முட்டைகளில் பென்சிலால் கோடு போடுங்கள். வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போனால் கோடு இல்லாததை எடுத்துவிடலாம். 7ஆம் நாள் இரவில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்தால், கருக்கூடியதில் சிவப்பு நரம்பு வலை போலத் தெரியும். வெறுமனே தெளிவாக இருப்பது கூமுட்டை.

கடைசி நாட்களில் முட்டையைத் தண்ணீரில் விட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் குஞ்சு மூழ்கிவிடும். ஓட்டில் துளை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். கை வைத்து உரிக்காதீர்கள்.

குஞ்சு அதிகம் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு கோழிகளை ஒரே இரவில் அவயத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். குஞ்சு காய்ந்ததும் அன்று இரவே எல்லாவற்றையும் நல்ல தாயாக இருக்கிற கோழியின் சிறகுக்கடியில் தள்ளிவிடுங்கள். காலையில் அது எண்ணிப் பார்க்காது. இந்த வெயில் காலத்தில் 15 குஞ்சை ஒரே கோழி அணைக்கும். அடுத்த கோழியைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டு மாதம் குஞ்சோடு திரியாமல் சீக்கிரமே மறு ஈட்டுக்கு வந்துவிடும்.

இனிதான் உங்கள் 6 குஞ்சின் கதை. அவை காணாமல் போயினவா, கண் முன்னால் செத்தனவா? நீங்கள் அதை எழுதவில்லை. காணாமல் போயிருந்தால் பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடைதான் மருந்து. முதல் இரண்டு வாரம் தாயும் குஞ்சும் நிழலில் பஞ்சாரத்துக்குள்ளேயே இருக்கட்டும். அப்புறம் காலையும் மாலையும் நீங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து விடுங்கள். இரவில் கதவுள்ள கூண்டு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்து செத்துப்போகும். நொய்யும் கம்பும் வயிற்றை நிரப்பும், உடம்பு வைக்காது. முதல் ஒரு மாதம் குஞ்சுத் தீவனம் வாங்கிப் போடுங்கள். பழைய பானையில் சாணியும் சாக்கும் ஈரமாகத் திணித்துக் கரையான் புற்றருகே கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட ருசியான இரை கிடையாது.

தூங்கி விழுந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து செத்திருந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குத் தடுப்பு மருந்து மட்டும்தான் வழி. 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரம் மறுபடி ஒரு தடவை, எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. ஒரு புட்டியில் 100 குஞ்சுக்கும் மேல் மருந்து இருக்கும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் நாலு வீடு சேர்ந்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

மிஷின் எப்போது வாங்கலாம்? 30 பெட்டை ஆகி, 4 நாளில் 40 முட்டை சேரும்போது. இன்வெர்ட்டர் இருக்க வேண்டும், ஓட்டு வீடோ மாடி வீடோ என்று குளிர்ச்சியான அறை இருக்க வேண்டும், முக்கியமாகத் தாயில்லாத குஞ்சுக்கு பல்பு போட்ட அடைப்பு தயாராக இருக்க வேண்டும். முதல் வாரம் அதற்குள் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சு பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சுடுகிறது. அந்த நாள் வந்தால் தம்பியையே கடைக்கு அனுப்புங்கள். வாங்கியதும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, மிஷின் காட்டும் எண் சரிதானா என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குள், மிஞ்சிய அந்த 3 குஞ்சுக்கும் இன்னும் சொட்டு மருந்து போடவில்லை என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.