நாய் துரத்துது, என்ன செய்ய? எல்லைச் சாலை சைக்கிள்காரர்களுக்குப் பதில்கள்

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சைக்கிள் ஓட்டுகிறேன். நாயைப் பற்றிக் கேளுங்கள். கியர், டயர் சந்தேகமெல்லாம் வேறு ஆளிடம்.

கேள்வி: விடியக்காலையில் பால் சொசைட்டி பக்கம் நாலைந்து நாய் ஒன்றாகத் துரத்துதுங்க. வேகமாக மிதித்துத் தப்பிக்கலாமா?

இறக்கமாக இருந்து, நாயும் தூரத்தில் இருந்தால் மிதிக்கலாம். மற்றபடி வேண்டாம். தெருநாய் கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேலேயே ஓடும். நீங்கள் ஓடினால் அதற்குத் துரத்தத்தான் தோன்றும். அதன் கண் உங்கள் முகத்தில் இருக்காது, சுற்றுகிற சக்கரத்திலும் ஏறி இறங்கும் கணுக்காலிலும் இருக்கும். சக்கரம் நின்றால் பாதி நாய்க்கு அடுத்து என்ன செய்வதென்றே தெரியாது.

அதனால் வேகத்தைக் குறைத்து இறங்குங்கள். நாய் இல்லாத பக்கமாக இறங்க வேண்டும், இது முக்கியம். சைக்கிள் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வந்துவிடும். அது சுற்றி வந்தால் சைக்கிளையும் கூடவே திருப்புங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், முதுகும் காட்டாதீர்கள். அடித்தொண்டையில் ஒரே அதட்டல், "போ!". கீச்சென்று கத்தினால் அதற்கு உற்சாகம்தான் வரும். பிறகு அப்படியே உருட்டிக்கொண்டு நடங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும். ஒரு மின்கம்பமோ வேலியோ தாண்டியதும் குரைப்பு சுருதி இறங்கி, நாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிடும். அதன் பிறகு ஏறுங்கள்.

காலால் உதைக்க வேண்டாம். எல்லைச் சாலையில் நான் பார்த்தவரை பெரிய காயங்கள் கடித்து வந்தவை அல்ல. உதைக்கப் போய் ஹேண்டில் திரும்பி விழுந்தவை, அல்லது நாய் முன்சக்கரத்துக்குள் புகுந்து விழுந்தவை. ஹெல்மெட் போடுங்கள்.

கேள்வி: பெப்பர் ஸ்ப்ரே எது நல்லது அண்ணா?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிரே மிதிக்கிற ஊர் நம்முடையது. அடித்தால் அந்தக் காரம் யார் கண்ணில் விழும் என்று யோசியுங்கள். தண்ணீர் பாட்டில் போதும், மூஞ்சியில் ஒரு பீச்சு.

கேள்வி: குழுவாகப் போகும்போது எப்போதும் கடைசி ஆளைத்தான் நாய் பிடிக்கிறது. ஏன்?

முதல் ஆள் எழுப்பிவிட்டுப் போகிறார், மாட்டுகிறவர் கடைசி ஆள். முன்னால் போகிறவர் கையைக் காட்டி "நாய்!" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து மெதுவாகத் தாண்டுங்கள். மார்கழி, தை மாதங்களில் குட்டி போட்ட தாய் நாய் இருக்கிற இடம் தெரிந்தால் சாலையின் மறு ஓரமாகப் போங்கள். அவளோடு வாதாட முடியாது.

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே கெண்டைக்காலில் கடித்துவிட்டது, லேசாக ரத்தம். முதல் ஊசி அங்கேயே போட்டாச்சு. மீதியைப் பொள்ளாச்சியில் போடலாமா? மஞ்சள் தூள் வைத்தேன், பரவாயில்லையா?

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில், 15 நிமிடம் கழுவ வேண்டும். இதை நான் நூறு தடவை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமி எச்சிலில் இருக்கிறது. நரம்பைப் பிடிப்பதற்கு முன் அதைக் கழுவி வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம். சாலையில் சோப்புக்கு எங்கே போவது என்றால், சைக்கிள் பையில் ஒரு துண்டு சோப்பு வையுங்கள். பஞ்சர் கிட் வைக்கிறீர்கள் அல்லவா?

ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் கடி. தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பு மருந்து) போட வேண்டும். போட்டார்களா என்று சீட்டில் பாருங்கள். போடவில்லை என்றால் இன்றைக்கே பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள் அது போட்டாக வேண்டும். மீதி ஊசியை எந்த மாநிலத்திலும் தொடரலாம், சீட்டு பத்திரம். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. தோலுக்குள் போடுவது என்றால் 0, 3, 7, 28-ஆம் நாள். தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசிக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

கேள்வி: தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களாமே?

அது உங்கள் தாத்தா காலம். ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து, நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஒரு காலத்தில் தயாரானதுதான். 2005-க்குப் பிறகு அது கிடையாது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

கேள்வி: நாய் விரட்டும் ஸ்ப்ரே ஏதாவது...

மேலே பார்க்கவும்.

கேள்வி: வேலந்தாவளம் சாலையில் தினமும் நாய்களுக்குப் பிஸ்கட் போடுகிறேன். அவை என்னைத் துரத்துவதே இல்லை. எல்லோரும் இப்படிச் செய்தால் என்ன?

(இதற்குள் ஒரு பால்காரத் தம்பி குறுக்கே வந்து, "நீங்க போடற பிஸ்கட்டுக்குத்தான் அதுக வளைவுல வந்து நிக்குது, கடி வாங்கறது நாங்க" என்றார். பிஸ்கட் போடுகிற அம்மிணி விடவில்லை: "பழகின நாயாக இருந்தால்தான் கருத்தடைக்குப் பிடிக்க முடியும்." இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் விஷம் வைக்கலாம் என்று எழுதினார். அது குற்றம், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.)

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பழகின நாயைப் பிடிப்பது சுலபம், அம்மிணி சொன்னது சரி. ஆனால் உங்களைத் துரத்தாத நாய் அடுத்தவரையும் துரத்தாது என்று யார் சொன்னது? சோறு விழுகிற இடத்தை அது தன் இடமாக நினைக்கும். சாலை வளைவில் போட்டால் வளைவு அதற்குச் சொந்தம். 2023 விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளே குழந்தைகள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, நேரம் குறித்து உணவு வைக்கச் சொல்கின்றன. சாலையை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள், ஒரே நேரத்தில் வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

தம்பி, உங்களுக்கும் ஒன்று. நாய் அங்கே நிற்பதற்கு நாலு பிஸ்கட் காரணமில்லை. ராத்திரியில் மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்களே, அதைப் பாருங்கள். எல்லைச் சாலையில் கொட்டினால் யார் அள்ளுவது என்பதில் இரண்டு ஊராட்சிக்கும் இழுபறி. நாற்றம் அடிக்கிற இடத்தில் நாய் உண்டு என்று வைத்துக்கொண்டு நான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுவேன். கள்ளுக்கடை வாசலும் அப்படித்தான், அங்கே எலும்பு விழும். கழிவு கொட்டும் வண்டியின் எண்ணைப் படம் எடுத்து ஊராட்சியில் கொடுங்கள். அம்மிணியோடு சண்டை போடுகிற நேரத்துக்கு அது உருப்படியான வேலை.

கேள்வி: உத்தமபாளையத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே தோட்டங்களில் கோம்பை நாய். அதற்கும் இதே வழிதானா?

காவலுக்கு வளர்த்த நாய், தன் தோட்டத்து எல்லையில் விடாப்பிடியாக நிற்கும். வழி அதேதான், ஆனால் வேலி தாண்டும் வரை அதிகப் பொறுமை வேண்டும். உரிமையாளர் கட்டாமல் விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: அல்ட்ராசானிக் கருவி? இல்லாவிட்டால் ஸ்ப்ரேயில் எந்த...

ஸ்ப்ரே கேட்கிறவர்களுக்கு இனிப் பதில் இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்புகிற அந்தக் கருவிக்குச் சில நாய் ஒதுங்கும், சில நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. கீழே குனிந்து கல் எடுப்பது போல் பாவனை செய்யுங்கள், நம் ஊர் நாய்களில் பெரும்பாலானவை பின்வாங்கும். எறிய வேண்டாம்.

கேள்வி: வெறிநாய் என்றால் எப்படித் தெரியும்?

தாடை தொங்கி எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும், அதட்டினாலும் காதில் விழாதது போல் வரும், கல், கட்டை என்று கண்டதைக் கடிக்கும். அங்கே நடந்து தாண்டும் வேலையே வேண்டாம். பக்கத்து வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். ஊராட்சிக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் பிளஸ் ஒன். பள்ளியில் கொடுத்த சைக்கிளில் டியூஷன் முடிந்து இருட்டில் வருகிறாள். வழியில் ஒரு வீட்டு நாய் தினமும் துரத்துகிறது. பயந்து அழுகிறாள்.

இரண்டு நாள் நீங்களே கூடப் போங்கள். பகலில் அந்த இடத்தில் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தாண்டிப் பழகட்டும். கை பழகிவிட்டால் இருட்டிலும் தானாக வரும். அந்த வீட்டுக்காரரிடம் நாய்க்குத் தடுப்பூசி போட்ட சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாலை ஆறு முதல் எட்டு வரை கட்டிவைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வார்டு உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகளுக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது போட்டிருந்தால் பின்னால் கடித்தாலும் 0, 3-ஆம் நாள் இரண்டு ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. சைக்கிளுக்கு முன்விளக்கு இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே மாட்டுங்கள், நாய் சாலையின் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று அவளுக்கு முதலில் தெரிய வேண்டும்.