முதல் பிரஸ் எது?

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறார்களே, புதிதாகத் தொடங்குபவருக்கு எந்த ரீலோடிங் பிரஸ் (சுட்டு முடித்த தோட்டாக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றும் கைக்கருவி) சரி?

பதில்: சந்தேகமே வேண்டாம், சிங்கிள் ஸ்டேஜ். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரே வேலைதான் நடக்கும், வேகம் குறைவுதான், ஆனால் எந்தக் கூட்டில் மருந்து போட்டோம், எதில் போடவில்லை என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம், அப்புறம் கை மிஞ்சாது. டில்லன் 550 போன்ற புரொக்ரசிவ் பிரஸ்ஸில் ஒரே இழுப்பில் 4 நிலைகளிலும் வேலை நடக்கும். நூற்றுக்கணக்கில் சுட்டுத் தீர்க்கும் பிஸ்டல் போட்டிக்காரருக்கு அது தேவை, வேட்டைக்காரருக்கு எதற்கு? ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் மாதிரி கனமான வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் போதும். மிச்சப் பணத்தில் மருந்தை எடைபோட நல்ல தராசு வாங்கச் சொல்லுங்கள்.