கணிதமும் புள்ளியியலும் படிக்க விண்ணப்பம்: வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூவுக்குப் பிறகு கணிதம், புள்ளியியல் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றி நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். விண்ணப்பத்தோடு என்னென்ன சான்றிதழ் சேர்த்தால் இடம் உறுதி? – ஓர் அம்மா, அம்பாசமுத்திரம்

ப: சான்றிதழ்க் கட்டுக்கு இரண்டு இடத்திலும் வேலை இல்லை. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம்தான் ஐ.எஸ்.ஐ. கொல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூரில் பி.மேத். நடத்துகிறது. பிளஸ் டூவில் கணிதமும் ஆங்கிலமும் படித்துத் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். சி.எம்.ஐ. என்பது சென்னை மேதமெட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் என்ற கணித நிறுவனம்; சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வுதான் முக்கியம். வழக்கமாக மே மாதம் நடக்கும். விண்ணப்பம் பொதுத்தேர்வு மும்முரத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில் வந்துவிடும். பரீட்சை முடியட்டும் என்று இருந்தே தேதியைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு.

நூறு வாங்கும் பிள்ளைகள் தடுக்கி விழுவது விரிவாக எழுதும் பகுதியில். அங்கே விடை மட்டும் போதாது, நிறுவ வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள். எந்த முழு எண்ணை எடுத்தாலும், அதன் கனத்தோடு (அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கியது) அதன் ஐந்து மடங்கைக் கூட்டினால் வருவது ஆறால் வகுபடும் என்று நிறுவ வேண்டும். 1-க்கு 6, 2-க்கு 18, 3-க்கு 42 வருகிறது, ஆகவே எல்லா எண்ணுக்கும் சரி என்று முடித்தால் அது நிரூபணமே இல்லை. மதிப்பெண் எதிர்பார்க்க வேண்டாம். கணிதத் தொகுத்தறிதல் தெரிந்த பிள்ளை இன்னும் கொஞ்சம் போகும்: ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும்போது கூடுவது எவ்வளவு என்று பார்க்கும். அந்த இரண்டு எண்களையும் பெருக்கி, மூன்று மடங்காக்கி, ஆறு கூட்டினால் அந்த அளவு வரும். இதில் மூன்று இருக்கிறது, ஆறும் இருக்கிறது, எனவே வகுபடும் என்று அவசரமாக முடித்துவிடும். மூன்றால் வகுபட்டால் ஆறால் வகுபட்டதாகுமா? அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று இரட்டை என்ற வரி விட்டுப்போயிற்று. நிரூபணமே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. கனத்திலிருந்து எண்ணைக் கழித்தால் அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கற்பலன். அவற்றில் இரட்டை ஒன்றாவது இருக்கும், மூன்றின் மடங்கும் ஒன்று இருக்கும். மீதி நிற்பது எண்ணின் ஆறு மடங்கு. முடிந்தது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வருடம் வேண்டும். இரண்டு நிறுவனங்களின் பழைய வினாத்தாள்களும் அவற்றின் இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஐந்து கணக்கு போதும். ஒவ்வொன்றையும் முக்கால் மணி நேரமாவது விடை பார்க்காமல் மல்லுக்கட்ட வேண்டும். மறுநாள் அதையே புதுத் தாளில் முழு வாக்கியங்களாக எழுதி, கணக்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, “இது ஏன்?” என்று தோன்றும் இடத்திலெல்லாம் கோடு போடச் சொல்லுங்கள். எண் கோட்பாடும் சமனின்மையும் பள்ளிப் பாடத்தில் மெலிவு. அவற்றைத் தனியே படித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. ஐ.எஸ்.ஐ.யின் கொள்குறித் தாளில் (கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிப்பது) சரியான விடைக்கு 4, விட்ட கேள்விக்கு 1, தவறுக்கு 0 என்பதே பல ஆண்டு வழக்கம். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பதும் 1 தான், லாபமில்லை. ஒரு விடையையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால் குறிப்பது நல்லது. விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டில் இந்த விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நான் தமிழ் வழி. இந்தத் தேர்வுகளைத் தமிழில் எழுதலாமா? – மாணவர், களக்காடு

ப: ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. இரண்டும் ஆங்கிலம்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வைத் தமிழில் எழுதலாம். நம் அரசுப் பாடநூல் இரு வழியிலும் இணையத்தில் இலவசம். பிளஸ் ஒன் கணிதத்தின் ஆங்கிலப் பதிப்பைத் தமிழ்ப் பதிப்புக்குப் பக்கத்தில் வைத்து, வரையறைகளையும் தேற்றங்களையும் மட்டும் படியுங்கள். கதைப்புத்தக ஆங்கிலம் தேவையில்லை. கணக்கு ஆங்கிலத்துக்குச் சொற்கள் கொஞ்சம்தான், இரண்டு மாதத்தில் கைவந்துவிடும்.

கே: எங்களிடம் எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அட்டை இருக்கிறது. மத்திய நிறுவனங்களுக்கு அதுவே போதும்தானே? – ஒரு தந்தை, வள்ளியூர்

ப: போதாது. மதிப்பெண் இருந்தும் இடம் போவது பெரும்பாலும் இதனால்தான். மத்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யிலேயே வசதி படைத்த பிரிவு) வராதவர் என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். வருமான வரம்பு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல், வயல் இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் ஏற்பார்கள்; ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

கூடவே இனிஷியலையும் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, ஆதாரில் முன்னால் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் சரிபார்ப்பில் அலைய நேரிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுபோலவே மற்றதையும் மாற்றி வையுங்கள்.

கே: இங்கிலாந்தில் புள்ளியியல் படிக்க விரும்புகிறேன். விருப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது? – மாணவி, பாளையங்கோட்டை

ப: அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்பம்; ஐந்து இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கடைசி. ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். காலாண்டுத் தேர்வு வேலையில் அவர் மூழ்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

தயவுசெய்து கணித மேதை ராமானுஜத்திலும் அவர் பெயரோடு சொல்லப்படும் 1729 என்ற எண்ணிலும் தொடங்காதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் கட்டுரை பாதி அங்கேதான் தொடங்குகிறது. “சிறு வயதிலிருந்தே எண்கள் பிடிக்கும்” என்பதற்குப் பதிலாகச் செய்த ஒன்றை எழுதுங்கள். உங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் தரவு இருக்கிறது. பாபநாசம் அணை (முழு அளவு 143 அடி), மணிமுத்தாறு (118 அடி) ஆகியவற்றின் நீர்மட்டமும் மழை அளவும் நாளிதழில் தினமும் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறித்துவைத்து, இன்று பெய்த மழைக்கு நாளை மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

விஷயம் சிக்கலாகும் இடம்தான் கட்டுரைக்குத் தீனி. அணை மேலே அகலம், கீழே குறுகல். 60 அடியில் ஏறும் ஓரடியும் 140 அடியில் ஏறும் ஓரடியும் ஒரே அளவு தண்ணீர் அல்ல. மதகு திறந்தால் மழை பெய்தும் மட்டம் இறங்கும். பருவம் முழுவதும் மொத்த மழையும் ஏறும், மட்டமும் ஏறும் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) பொய்யாகப் பெரிதாகத் தெரியும். அன்றன்றைய மாற்றத்தைத்தான் ஒப்பிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு நாள் பட்டியலில் இருந்தால் சராசரி என்னாகும், இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) என்னாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இதில் எது உங்களுக்குப் பிடிபடவில்லை, பிறகு என்ன மாற்றிச் செய்தீர்கள் என்று பத்து வரி எழுதினால், ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ் எட்டைவிட அது கனம்.

கே: இதெல்லாம் கிடைக்காவிட்டால்? – வாசகர், பேட்டை

ப: உள்ளூர்க் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பாளையங்கோட்டை சேவியர்ஸ், ஜான்ஸ், உங்கள் பேட்டையிலேயே ம.தி.தா. இந்துக் கல்லூரி என்று பி.எஸ்சி. கணிதத்துக்குக் குறைவில்லை. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். உள்ளூர்ச் சேர்க்கை முந்தி நடக்கும், மத்திய நிறுவனங்களின் பட்டியல் பிந்தி வரும். அதனால் அசல் டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுக்கும் முன் பத்து நகல் எடுத்து ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். விலகினால் அசல் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், கட்டணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.