குள்ள டாரண்டுலாக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டாரண்டுலா சிலந்திகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து எழுதிய வாசகர்களில் பலர், உருவில் சிறிய வகைகளைச் செல்லப் பிராணியாக வளர்ப்பது குறித்தே கேட்டிருந்தனர். அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, குள்ள டாரண்டுலாக்களை வெளிநாட்டினர் வளர்க்கும் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவற்றில் தங்களுக்கு மிகவும் பிடித்த வகை எது? முதன்முதலில் வளர்ப்பவருக்கு எது பொருந்தும்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தென்னமெரிக்காவின் கோலியாத் டாரண்டுலா காலை விரித்து நின்றால் 30 சென்டிமீட்டரை எட்டும். கால் விரிப்பு பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுபவற்றையே வளர்ப்பவர்கள் குள்ள வகை என்று சொல்கிறார்கள். இவை ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஒரே தொகுதியை, சேர்ந்தவையல்ல. பல நாடுகளில், பல பேரினங்களில் சிதறிக் கிடப்பவை. ஆகவே ஒன்றின் குணத்தைப் பார்த்து மற்றொன்றை மதிப்பிட முடியாது.

ஜெர்மனியில் பணிபுரிந்த ஆண்டுகளில் நான் வளர்த்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சிரியோகாஸ்மஸ் எலிகன்ஸ். டிரினிடாட், வெனிசுவேலா பகுதிகளைச் சேர்ந்த இச்சிலந்தியில் முழு வளர்ச்சி பெற்ற பெண்ணின் கால் விரிப்பே நான்கைந்து சென்டிமீட்டர்தான். தலைப்பகுதி செம்பு நிறம். வயிறு கறுப்பு, அதன் பக்கவாட்டில் ஆரஞ்சுக் கோடுகள், மேற்புறத்தில் இதய வடிவில் ஒரு திட்டு. தோல் உரித்து இரண்டு நாள் கழித்து இந்நிறங்களை விளக்கொளியில் பார்த்தவர்கள் பெரிய சிலந்திகளின் பக்கம் அவ்வளவு எளிதில் திரும்ப மாட்டார்கள். இவ்வளவு சிறிய உடம்பை வைத்துக்கொண்டு தன் அளவே உள்ள சுவர்க்கோழியின் மீது அது தயக்கமின்றிப் பாயும். இரையைப் பிடித்ததும் அப்படியே நின்றுவிடாது. அதைத் தூக்கிக்கொண்டு வட்டமாகச் சுழன்று, தரையில் ஒரு பட்டு விரிப்பை நெய்த பிறகே சாப்பிடத் தொடங்கும். அந்த ஒன்றைப் பார்ப்பதற்காகவே நான் இரவு விழித்திருப்பதுண்டு.

அழகுக்கு அடுத்தபடியாக வலைக்காக விரும்பப்படுவது நியோஹோலோதீலி இன்செய். இதுவும் டிரினிடாட், வெனிசுவேலாவைச் சேர்ந்ததே. பெட்டியில் விட்ட சில வாரங்களில் மண், மரப்பட்டை, தண்ணீர்க் கிண்ணம் என எல்லாவற்றையும் பட்டால் போர்த்திச் சுரங்கம் சுரங்கமாக அமைத்துவிடும். உடன்பிறந்த குட்டிகள் ஒரே பெட்டியில் ஒன்றையொன்று பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு வளர்வது டாரண்டுலாக்களிடையே அரிதான செய்தி. எனினும் பசி நேர்ந்தால் ஒன்றையொன்று தின்னாது என்று எவரும் உறுதி கூற இயலாது. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தைச் சேர்ந்த டோலிகோதீலி டயமான்டினென்சிஸ் 2009 ஆம் ஆண்டில்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதன் நீலப் பளபளப்பைப் படத்தில் கண்டு மயங்கியவர்கள் அநேகர். கொலம்பியாவின் ஹபலோபஸ் வகை ஒன்று ஆரஞ்சு வயிற்றில் கரும்புள்ளிகளோடு இருக்கும். குள்ள வகைகளில் சற்றே பெரியது, நன்றாகத் தின்று விரைவாக வளர்வது.

முதன்முதலில் வளர்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இவற்றில் எதையும் அல்ல. சிறியது என்றால் எளியது என்று பொருள் கொள்வதுதான் இத்துறையில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மேலே சொன்னவற்றில் பல, மூடியைத் திறந்த கணத்தில் கை வழியாக ஏறி முழங்கையைக் கடந்துவிடும் வேகம் உடையவை. சிரியோகாஸ்மஸ் குட்டிகளோ முட்டைப்பையிலிருந்து வெளிவரும்போது கடுகளவுதான் இருக்கும். காற்றுக்காக நாம் இடும் துளை வழியாகவே வெளியேறிவிடும். அக்குட்டிக்கு முழுச் சுவர்க்கோழியைப் போட முடியாது. அதன் ஒரு காலை மட்டும் கிள்ளிப் போட வேண்டும், மறுநாள் மிச்சத்தை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை படிந்துவிடும். பெட்டியில் ஈரம் ஒரு நாள் முற்றிலும் வற்றினாலும் குட்டி பிழைப்பது கடினம். சாந்தமான, மெதுவாக நடக்கும் குள்ள வகை வேண்டுமென்றால் அது சிலி நாட்டின் ஹோமியோம்மா சிலென்ஸி. வயிற்றின் பின்புறத்தில் செந்நிறத் திட்டு உடைய இச்சிலந்தி, மூடியைத் திறந்தால் ஓடி ஒளியாமல் நிதானமாக வெளியே வந்து பார்க்கும் இயல்புடையது. ஆனால் அது குளிர்ச்சியான நிலப்பகுதியில் வாழ்வது. சித்திரை, வைகாசியில் காரைக்குடியின் வெயில் 38 பாகையைத் தாண்டி நிற்கையில், மின்சாரமும் இல்லாத நண்பகலில் மூடிய நெகிழிப் பெட்டிக்குள் அது என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சும் கனத்த சுவரும் உள்ள பழைய வளவு வீட்டின் உள்கட்டில் வெப்பம் குறைவுதான் என்றாலும், அச்சிலந்திக்கு அதுவும் போதாது.

கேள்வி: சமூக வலைத்தளத்தில் ஒருவர் டாரண்டுலாக் குட்டிகளைக் கூரியரில் அனுப்புவதாக விளம்பரம் செய்கிறார். வாங்கலாமா?
– வாசகர், புதுவயல்

பதில்: வாங்க வேண்டாம். வெளிநாட்டு உயிரினம் எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவர வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியும் தேவை. அந்த விற்பனையாளரிடம் இவ்விரண்டின் நகலையும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

2021 ஜூலையில் போலந்திலிருந்து நம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்து முகவரி ஒன்றுக்கு வந்த அஞ்சல் பொதியைச் சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகள் இருந்தன; ஒவ்வொன்றிலும் உயிருடன் ஒரு சிலந்தி. பிராக்கிபெல்மா உள்ளிட்ட பேரினங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருதிய பின், உரிய ஆவணங்கள் இல்லாததால் அவற்றைப் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவு செய்யப்பட்டது. பிராக்கிபெல்மா, சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022 இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்து, அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நான் முதல் பதிலில் குறிப்பிட்ட குள்ள வகைகள் அப்பட்டியலில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் இறக்குமதி உரிமம் அவற்றுக்கும் வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் என் மனம் ஒப்பாத காரணம் ஒன்று உண்டு. கடுகளவு உயிரைப் பஞ்சில் சுற்றிக் கூரியர் வண்டியின் வெப்பத்தில் மூன்று நாள் அனுப்புகிறவருக்கு, அது உயிருடன் சேர்வதும் சேராததும் ஒன்றுதான்.

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் உள்ள என் பேரன் சின்ன டாரண்டுலா ஒன்று வளர்க்கிறான். சென்ற முறை நான் போயிருந்தபோது அது மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டதென்று குப்பையில் போட எடுத்தேன். அவன் ஓடி வந்து தடுத்துவிட்டான். அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன். அவர்கள் ஒரு வாரம் வெளியூர் போகும்போது அது என் பொறுப்பாம். பயமாகவும் இருக்கிறது, பிள்ளை ஆசையாகச் சொல்வதை மறுக்கவும் மனமில்லை.
– ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தங்கள் பேரன் ஓடி வந்தது நல்லதாயிற்று. டாரண்டுலா தோல் உரிக்கும்போது மல்லாந்துதான் படுக்கும். முன்னதாகவே பட்டினால் ஒரு விரிப்பு நெய்து, அதன் மேல் படுத்து, தலைப்பகுதியின் மேலோடு மூடி போலத் திறந்துகொள்ள, எட்டுக் கால்களையும் பழைய தோலிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கும். இது முடியச் சில மணி நேரம் ஆகலாம். இறந்த சிலந்தியோ பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது. நின்ற நிலையிலேயே கால்கள் அனைத்தும் உடலுக்கு அடியில் மடங்கிச் சுருண்டிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தோல் உரிக்கும் வேளையில் பெட்டியைத் தொடவோ அசைக்கவோ கூடாது. தண்ணீர் தெளிக்கவும் கூடாது. உள்ளே உயிருள்ள சுவர்க்கோழி இருந்தால் மட்டும் நீண்ட இடுக்கியால் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் உடல் மெத்தென்று இருக்கும் அந்நேரத்தில் இரையே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். உரித்து முடித்த சிலந்தியின் நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாக இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை, அதாவது ஒரு வாரம்போல, தீனி தேவையில்லை.

தோல் உரிக்காவிட்டாலும் அந்த ஒரு வாரத்துக்குத் தாங்கள் அதற்கு உணவளிக்கவே வேண்டாம். நன்கு வளர்ந்த டாரண்டுலா பல வாரங்கள் உண்ணாமல் இருக்கும். வயிறு வற்றாத வரை கவலையில்லை. தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதையும் பேரன் புறப்படும்முன் நிரப்பிவிட்டால் மூடியைத் திறக்கும் வேலையே தங்களுக்கு இராது. அமெரிக்கக் கண்டத்து வகைகள் பலவற்றின் வயிற்றில் அரிப்பூட்டும் நுண்மயிர்கள் உண்டு. பயந்தால் பின்னங்காலால் அவற்றை உதறும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போக வேண்டிய அளவுக்கு உபாதை. எனவே திறந்த பெட்டிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கடியைப் பற்றிய அச்சம் வேண்டாம். டாரண்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதி செய்யப்பட்ட செய்தி கிடையாது.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். அங்கே வளர்க்கலாமா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: கூடாது. டாரண்டுலாவைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் பட்டாலைக் கதவின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி இருக்கிறது. வயிற்றுக்கடியில் வெள்ளையாக ஒரு வில்லையைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. இது டாரண்டுலாவா? அடித்துவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தாங்கள் விவரித்திருப்பது ஹெட்டரோபோடா வெனடோரியா என்னும் வேட்டைச் சிலந்தி. டாரண்டுலா அல்ல. அதன் உடல் தட்டையானது, கால்கள் நண்டைப்போல் பக்கவாட்டில் விரிந்தவை. டாரண்டுலாவோ கனத்த உடலும் தடித்த, மயிர் அடர்ந்த கால்களும் உடையது. அந்த வெள்ளை வில்லை முட்டைப்பை. குஞ்சுகள் வெளிவரும்வரை தாய் அதைக் கீழே வைக்காது. அது வலை கட்டி வீட்டை ஒட்டடையாக்குவதில்லை. இரவெல்லாம் சுவரில் அலைந்து கரப்பான்பூச்சி பிடிக்கிறது. அடிக்க வேண்டாம். அறையில் இருப்பது பிடிக்கவில்லையென்றால் அகன்ற டப்பாவால் மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் குள்ள டாரண்டுலா உண்டா? செட்டிநாட்டுக்கு அருகில் எங்கே பார்க்கலாம்?
– பள்ளி ஆசிரியர், கண்டனூர்

பதில்: இக்கேள்வியைக் கேட்டதற்கு நன்றி கூறுகிறேன், வந்த கடிதங்களில் இப்படிக் கேட்டது தாங்கள் ஒருவரே. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிளீசியோஃப்ரிக்டஸ், சஹ்யட்ரோஅரேனியஸ் போன்ற சிறிய உருவ டாரண்டுலாக்கள் மண்ணிலும் கல்லடியிலும் வளை தோண்டி வாழ்கின்றன. நீலகிரியின் பெயரையே தாங்கிய பிளீசியோஃப்ரிக்டஸ் நீலகிரியென்சிஸ் 2007 இல் விவரிக்கப்பட்டது. டிரினிடாட் சிலந்திகளின் நிறம் இவற்றுக்கு இல்லை. பழுப்பும் சாம்பலுமாக இருக்கும். வளர்ப்பவர்கள் இவற்றைத் தேடாததற்கு அதுவே காரணம் என நினைக்கிறேன், அது இவற்றுக்கு நன்மையும்கூட.

குள்ள வகை அல்லாத ஒன்று செட்டிநாட்டுக்கு இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. இராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் புளிய மரம், பனை மரம் ஆகியவற்றின் பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் வாழும் பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகாவை 2004 இல் ஆண்ட்ரூ ஸ்மித் விவரித்தார். பெயர் அங்குள்ள அனுமன் கோயிலைக் குறிப்பது. இலங்கையின் மன்னார்ப் பக்கமும் பின்னர் கண்டறியப்பட்ட இது, அழியும் நிலையின் விளிம்பில் உள்ள உயிரினமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இப்பேரினம் முழுவதும் 2019 இல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரிப்பு மயிர்கள் இதற்கு இல்லை. பதிலாக நஞ்சு வலியது, இப்பேரினச் சிலந்திகள் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வந்து வந்து போகும். ஆகவே பொந்தில் கையையோ குச்சியையோ விடும்படி மாணவர்களை விட்டுவிடாதீர்கள்.

பார்க்க விரும்பினால் இருட்டிய பின் ஒரு மணி நேரம் பொறுத்து, கை விளக்குடன் பழைய புளிய மரங்களின் அடிப்பகுதியை மெதுவாகச் சுற்றி வாருங்கள். பொந்தின் வாயில் முன்னங்கால்கள் மட்டும் வெளித்தெரிய உட்கார்ந்திருக்கும். ஒளியை நேராகப் பாய்ச்சினால் உள்ளே போய்விடும். படம் எடுக்கும்போது அளவு தெரியும்படி மரப்பட்டையில் ஓர் அளவுகோலை ஒட்டி வையுங்கள், பொந்தின் வாயையும் தனியே எடுங்கள். எந்த ஊர், எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஆகியவற்றைக் குறித்து உயிரினங்களின் படங்களைப் பொதுமக்கள் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் வல்லுநர்கள் அடையாளம் கூறுவார்கள். இடத்தைப் பதிவிடும்போது அத்தளத்தில் உள்ள ‘இடத்தை மறை’ என்னும் வசதியைத் தவறாமல் தேர்ந்தெடுங்கள். சிலந்தி வியாபாரிகளும் அத்தளத்தைப் பார்க்கிறார்கள்.