காட்டுத்தீயில் எரிந்துபோன வானாய்வகத்தைத் திரும்பக் கட்ட முடியுமா? அதே இடத்தில் கட்டுவார்களா?

முடியும், கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் எரிந்தது எதுவோ அதையே அதே இடத்தில் எழுப்பவில்லை. அப்படிச் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு ஊர் குப்பம் பக்கம். ஆந்திரா என்றாலும் வீட்டில் தமிழ்தான். அம்மா பிறந்தது ஆலங்காயத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில். மலைமேல் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாசி, பங்குனியில் அம்மா ஊருக்குப் போனால் சில இரவுகளில் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்து ஏறுவது தெரியும். மூங்கில் வெடிக்கும் சத்தம் அடிவாரம் வரை கேட்கும். மாமா பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீயை அடித்து அணைக்க ஆட்களோடு கிளம்பிவிடுவார். தீ காவலூர்ப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று எனக்கு அடிவயிறு கலங்கும்.

அந்தப் பயம் வீண் இல்லை. மழையும் மேகமும் இல்லாத மாதங்களில்தான் நட்சத்திரம் பார்க்க வானம் தெளிவாக இருக்கும். சருகும் மஞ்சம்புல்லும் காய்ந்து கிடப்பதும் அதே மாதங்களில்தான். தொலைநோக்கியை ஊர் வெளிச்சம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மேட்டில் ஏறும் தீயோ சமவெளியில் பரவுவதை விட வேகமாகப் போகும், ஏனென்றால் சுவாலை சரிவோடு சாய்ந்து மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. தீயணைப்பு வண்டி வந்து சேரவும் நேரமாகும்.

ஆஸ்திரேலியாவில் கான்பெராவை ஒட்டிய ஸ்ட்ரோம்லோ மலையில் இதுதான் நடந்தது. 1924ல் சூரிய ஆய்வுக்காகத் தொடங்கிய இடம் அது. 2003 ஜனவரி 8 அன்று மேற்கே மலைக்காடுகளில் மின்னல் விழுந்து பிடித்த தீ, பத்து நாள் கழித்து, ஜனவரி 18 அன்று நகரத்துக்குள் வந்தது. 4 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 500 வீடுகள் போயின. மலையைச் சுற்றி வளர்த்திருந்த பைன் தோப்பு வழியாகத் தீ ஏறி 5 தொலைநோக்கிகளை அழித்தது. அவற்றில் ஒன்று 74 அங்குலம் (1.88 மீட்டர்), நம் காவலூர்த் தொலைநோக்கியை விடக் கொஞ்சம்தான் சிறியது. இன்னொன்று 1868ல் செய்த மெல்போர்ன் பெரிய தொலைநோக்கி. பழைய கட்டடமும் அதிலிருந்த நூலகமும் போயின.

என்னை மிகவும் உலுக்கியது பட்டறை எரிந்த செய்தி. ஹவாயில் உள்ள ஜெமினி தொலைநோக்கிக்காக நிஃப்ஸ் என்ற, அகச்சிவப்பு ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைக் கருவியை அங்கே செய்து, அனுப்பும் நிலையில் வைத்திருந்தார்கள். பல வருட உழைப்பு ஒரே மதியத்தில் கரியாகிவிட்டது. அதைச் செய்யக் கற்ற ஆட்கள் மட்டும் இருந்தார்கள். கான்பெராவில் இருந்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து அதே கருவியை மறுபடி செய்தார்கள். 2005ல் அது ஹவாய் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கியது. கட்டடத்தை யாரிடம் கொடுத்தாலும் கட்டித் தருவார்கள். அந்த ஆட்கள் மனம் உடைந்து வேறு வேலைக்குக் கலைந்து போயிருந்தால் அந்தக் கருவி வந்திருக்குமா?

சரி, அதே இடமா என்று கேட்டீர்கள். கருவிகள் செய்யும் பட்டறையை ஸ்ட்ரோம்லோவிலேயே பெரிதாகக் கட்டி 2006ல் திறந்தார்கள். பெரிய தொலைநோக்கிகளை அங்கே திரும்ப வைக்கவில்லை. கான்பெரா வளர்ந்து, அதன் வெளிச்சம் வானத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதனால் புதிய ஸ்கைமேப்பர் தொலைநோக்கி நியூ சவுத் வேல்ஸில் உள்ள சைடிங் ஸ்பிரிங் மலைக்குப் போனது. அதன் கண்ணாடி 1.35 மீட்டர்தான். ஆனால் 2014ல், சூரியனில் இருக்கும் இரும்பில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத மிகப் பழைய நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது (இரும்பு குறைவு என்றால் நட்சத்திரம் பழையது என்று அர்த்தம்).

அப்புறம் 2013 ஜனவரியில் அந்த மலையிலும் தீ ஏறியது. வானியலாளர்கள் தங்கும் விடுதி எரிந்தது, தொலைநோக்கிகள் தப்பின. ஸ்ட்ரோம்லோவில் பட்ட பிறகு அங்கே முன்னேற்பாடுகள் செய்திருந்தார்கள். பெரும்பாலும் கட்டடத்தில் தீப் பிடிப்பது சுவாலை தொட்டு அல்ல, காற்றில் பறந்து வரும் கங்கு இடுக்கு வழியாக உள்ளே புகுவதால். அதனால் திறப்புகளை அடைப்பதும் சுற்றிலும் புல் பூண்டை அகற்றுவதும் பெரிய காவல்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “காட்டுக்குள்ள கூரை வீடு வச்சிருக்கிறவங்க எல்லாரும் தை முடியறதுக்குள்ள அதத்தானேப்பா செய்றோம்” என்றார். வீட்டைச் சுற்றிச் சருகைக் கூட்டி, பத்தடிக்கு மண் தெரியச் செதுக்கிவிடுவார்களாம்.