வேலையையும் நிறுவனங்களையும் ஆராய்பவர்களுக்கு வாய்ப்புகள் எங்கே? – கேள்வி பதில்

வேலை, தொழில், நிறுவனம் ஆகியவற்றை ஆராயும் சமூகவியல் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் களப்பணி செய்துவருவதால், சில இடங்களில் என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வு, முதலாம் ஆண்டு): மேடம், எந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும்? எல்லாவற்றிலும் சேரப் பணம் இல்லை.

எல்லாவற்றிலும் சேரத் தேவையும் இல்லை. முதலில் சர்வதேச சமூகவியல் சங்கத்தைப் பாருங்கள். 1949-இல் தொடங்கியது. ஒருமுறை கட்டணம் கட்டினால் நான்கு ஆண்டுகளுக்குப் போதும். நாடுகளின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு இன்னும் குறைவு. அதற்குள் ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. 17-ஆம் குழு நிறுவனங்களைப் பற்றியது, 30-ஆம் குழு வேலையைப் பற்றியது, 44-ஆம் குழு தொழிலாளர் இயக்கங்களைப் பற்றியது, 52-ஆம் குழு மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தொழில்முறைக் குழுக்களைப் பற்றியது. உங்கள் தலைப்பு எந்தக் குழுவோடு ஒட்டுகிறதோ அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த உலக மாநாடு 2027-இல் தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் நடக்கிறது. முதலாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அதற்குள் களத்திலிருந்து சொல்ல ஏதாவது கையில் இருக்கும்.

அமெரிக்கச் சமூகவியல் சங்கத்திலும் நிறுவனங்கள், தொழில்கள், வேலை என்ற பெயரில் ஒரு பெரிய பிரிவு உண்டு. மாணவர் எழுதும் சிறந்த கட்டுரைக்கு அந்தப் பிரிவு ஜேம்ஸ் டி. தாம்சன் பெயரில் விருது தருகிறது. ஒரு நல்ல அத்தியாயம் முடிந்ததும் அதைக் கட்டுரையாக்கி அனுப்புங்கள். விருது கிடைக்காவிட்டாலும் துறையின் மூத்தவர்கள் சிலர் உங்கள் கட்டுரையைப் படித்திருப்பார்கள்.

கேள்வி: ஈகோஸ் மாநாட்டுக்கு இரண்டு முறை அனுப்பினேன், இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். என்ன தவறு செய்கிறேன்?

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஈகோஸ் என்பது நிறுவன ஆய்வுகளுக்கான ஐரோப்பியக் குழு. ஒவ்வொரு ஜூலையிலும் கூடுவார்கள். வெறும் ஆய்வுச் சுருக்கம் போதாது. ஏறக்குறைய மூவாயிரம் சொற்களில் குறுங்கட்டுரை கேட்பார்கள், கெடு ஜனவரித் தொடக்கத்தில் வரும். மாநாட்டைப் பல துணைத்தலைப்புகளாக, அதாவது தனித்தனி விவாதக் குழுக்களாகப் பிரித்திருப்பார்கள்; கட்டுரையை அதில் ஏதாவது ஒன்றின் கீழ்தான் அனுப்ப முடியும். ஏற்றுக்கொண்டால் மூன்று நாளும் அதே அறையில், அதே ஆட்களோடு உட்கார்ந்து பேசுவீர்கள். அதனால்தான் எனக்கு அந்த மாநாடு பிடிக்கும். பத்து நிமிடம் பேசிவிட்டுக் கலைந்துபோகும் கூட்டமாக அது இருப்பதில்லை.

நீங்கள் அனுப்பிய குறுங்கட்டுரையின் முதல் வரி இப்படி இருந்தது: “இந்த ஆய்வு செயலி வழி ஓட்டுநர்களின் அனுபவங்களை ஆராய்கிறது.” இதே வரியோடு இன்னும் பலர் வந்திருப்பார்கள். ஆனால் உங்கள் நான்காம் பக்கத்தில் ஒரு வரி கிடக்கிறது: மறுத்தால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும், மாலை ஆறு மணிக்கு மேல் சில ஓட்டுநர்கள் நீண்ட தூர அழைப்புகளைத் தொடர்ந்து மறுக்கிறார்கள். ஏன்? உங்கள் கட்டுரையே அந்த “ஏன்”தான். அதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். பிறகு துணைத்தலைப்பை நடத்துபவர்கள் எழுப்பியிருக்கும் கேள்விக்கு இந்த மறுப்பு என்ன பதில் சொல்கிறது என்று இரண்டாம் பத்தியில் எழுதுங்கள். களத்தில் கிடைத்த நல்ல சரக்கைப் பின்பக்கத்தில் ஒளித்துவைப்பது நம்மில் பலருக்கும் இருக்கும் பழக்கம்.

கேள்வி: மேலாண்மைப் பள்ளிகளில் வேலைக்குப் போனால் சமூகவியலை விட்டுவிட்டதாக ஆகிவிடாதா?

ஆகாது. நிறுவனங்களை ஆராயும் சமூகவியலாளர்களில் கணிசமானோர் இன்று மேலாண்மைப் பள்ளிகளில்தான் வேலை பார்க்கிறார்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயின்ஸ் குவார்ட்டர்லி’ 1956-இல் தொடங்கியதிலிருந்தே இரண்டு பக்கத்தாரும் எழுதும் ஜர்னல். சம்பளம் கூடுதல், ஆய்வு நிதியும் தாராளம். இழப்பும் உண்டு. தொழிலாளர் பக்கமிருந்து கேள்வி கேட்கும்போது “இதனால் மேலாளருக்கு என்ன பயன்?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடரும் மனம் வாய்த்தவர்கள் தாராளமாகப் போகலாம். தொழிலாளர் கூட்டமைப்புகளை ஆராய்பவர்கள் மட்டும், போவதற்கு முன் அந்தத் துறையில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் காலமும் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிரந்தரப் பணி விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும், வேலையில் சேர்வது அடுத்த ஆண்டு. ஆய்வேடு முடிந்த பிறகு தேட ஆரம்பித்தால் ஓராண்டு கையை விட்டுப் போய்விடும்.

கேள்வி: போஸ்ட்டாக்கில் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில்) எது நல்லது?

ஐரோப்பாவில் மேரி ஸ்க்வோடோஸ்கா-க்யூரி ஆய்வு நிதிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கெடு வழக்கமாகச் செப்டம்பர். முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஆய்வு அனுபவம் எட்டு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ, கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் அங்கே 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்த இரண்டாம் விதியைக் கவனிக்காமல் முழு விண்ணப்பத்தையும் எழுதி வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேற்பார்வையாளர் ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுதவே முடியும். அதனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குங்கள்.

கேள்வி: செயலி வழி வேலை, செயற்கை நுண்ணறிவு – எல்லாரும் இதையேதான் செய்கிறார்கள். நானும் செய்யலாமா?

செய்யலாம், இப்போது அதற்குத் தேவை இருக்கிறது. தள வேலைகளுக்கான, அதாவது செயலி, இணையதளம் வழி நடக்கும் வேலைகளுக்கான, புதிய தரநிலை 2025, 2026 சர்வதேச தொழிலாளர் மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் வைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய தள வேலை உத்தரவை உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் தங்கள் சட்டமாக்க வேண்டும். தானியங்கி முறையில் ஆட்களைக் கண்காணித்தால் அதை மனிதர்கள் மேற்பார்வையிட வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. சரி, அந்த மேற்பார்வையாளர் யார், அவர் உண்மையில் என்ன செய்கிறார்? அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கூட்டம் ஓட்டுநர்களைச் சுற்றி நிற்கிறது, அந்த மேசைப் பக்கம் ஆள் குறைவு.

கேள்வி: அக்கா, நிறுவனங்கள் உள்ளே விடுவதே இல்லை. மூன்று இடத்தில் மறுத்துவிட்டார்கள்.

மூன்றோடு சோர்ந்துவிடாதே தம்பி. மேலிடத்து அனுமதி ஒரு வழி, அவ்வளவுதான். சமூகவியலாளர் மைக்கேல் புராவோய் 1970-களில் சிகாகோ அருகே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்கும் தொழிலாளியாகவே வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்த அதே தொழிற்சாலை அது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. புராவோய் பின்னாளில் சர்வதேச சமூகவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 2025 பிப்ரவரியில் அவர் மறைந்தது நம் துறைக்குப் பெரிய இழப்பு. இன்று நீ அப்படிச் சேர்வதானால், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முதலில் ஒப்புதல் வாங்கு. கூட வேலை செய்பவர்களிடம் நீ யார் என்பதை மறைக்காதே.

நான் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு செய்தபோது நிர்வாகம் முழு அனுமதி தரவில்லை. காலை ஏழு மணிக்குச் செவிலியர் ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரம் மட்டும் நிற்கலாம் என்றார்கள். போதாது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு செவிலியர் கணினியில் எல்லாவற்றையும் பதிந்து முடித்துவிட்டு, மருந்து அட்டையின் ஓரத்தைக் கிழித்து, “12-ஆம் படுக்கை, இரவெல்லாம் அழுதார், மகனைப் பற்றிக் கேட்காதீர்கள்” என்று எழுதி அடுத்தவர் கையில் வைத்தார். கணினிப் படிவத்தில் அதை எழுத இடமே இல்லை. என் ஆய்வின் பாதி அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பின்தொடர்ந்து போனதுதான். கிடைக்கும் அரை மணி நேரத்தை வாங்கிக்கொள்.

கேள்வி: கல்வித்துறைக்கு வெளியே?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு உதவித்தொகையோடு மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சி தருகிறது. தொழிற்சங்கங்களின் ஆய்வுப் பிரிவுகள், பணியிடப் பாதுகாப்பு முகமைகள், மென்பொருள் நிறுவனங்களின் பயனர் ஆய்வுக் குழுக்கள் எல்லாவற்றிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் “சமூகவியலாளர்” என்ற சொல் இருக்காது. நேர்காணல், களக்குறிப்பு, கணக்கெடுப்பு என்ற சொற்களைத் தேடுங்கள்.

கேள்வி (தொழிற்சங்க ஊழியர், 41 வயது): என்னிடம் பட்டம் இல்லை. பதினெட்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதை எங்கே எழுத முடியும்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பிரிட்டிஷ் சமூகவியல் சங்கத்தின் ‘ஒர்க், எம்ப்ளாய்மென்ட் அண்ட் சொசைட்டி’ ஜர்னலில் ‘ஆன் தி ஃப்ரன்ட் லைன்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வேலை செய்பவர் தன் வேலையைத் தன் சொற்களில் சொல்ல, ஓர் ஆய்வாளர் கூட எழுதும் கட்டுரைகளை அதில் வெளியிடுகிறார்கள். உங்களோடு சேர்ந்து எழுத ஓர் ஆய்வாளர் வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாருக்கு விருப்பமோ, இதற்குக் கீழே சொல்லுங்கள். நான் இருவரையும் சேர்த்துவைக்கிறேன்.