தாம்பரம் டூ நாகர்கோவில் ஒரே நாள்ல: எதுக்கு காசு போடணும், எதுக்கு வேண்டாம்

இந்த வாரம் வந்த கேள்வியில பாதி கார் பயணம் பத்தி தான். லீவு வருதுல்ல. ஒரே ரூட்டு சம்பந்தப்பட்டதா நாலு எடுத்திருக்கேன், முதல் கேள்விக்கு பதில் நீளம், பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். சொந்த ஊரு நாகர்கோவில், இருக்குறது தாம்பரம். எப்பவும் ரயில்ல தான் போவோம், இந்த தடவ வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்ல, அதனால கார்லயே ஒரே நாள்ல போயிரலாம்னு இருக்கேன். நான், வீட்டுக்காரி, அம்மா (68 வயசு), 6 வயசு பொண்ணு. வண்டி 2019 மாடல் பெட்ரோல், 52 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு, நான் ஒருத்தன் தான் ஓட்டணும். சர்வீஸ் விட்ட இடத்துல "லாங் டிரைவ் பேக்கேஜ்"னு 14,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டுறாங்க. இஞ்சின் டீகார்பனைசிங் (உள்ள படிஞ்ச கரிய எடுக்குறது), இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ட், அண்டர்பாடி கோட்டிங், டயருக்கு நைட்ரஜன். இதெல்லாம் பண்ணணுமா? ஒரே நாள்ல முடியுமா?

பதில்: முடியும் தம்பி. 700 கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, கிட்டத்தட்ட முழுக்க நாலு வழிச்சாலை. ஆனா அந்த 14,800ல உங்க பயணத்துக்குன்னு தேவையானது ஒண்ணு கூட இல்லங்கறத முதல்ல சொல்லிடறேன். இஞ்சின் நடுங்குது, பிக்கப் இல்ல, மைலேஜ் திடீர்னு விழுந்துருச்சுன்னு ஏதாவது குறை இருந்தா டீகார்பனைசிங் பத்தி பேசலாம். ஒழுங்கா ஓடுற வண்டிய ஊருக்கு போறோம்னு சொன்ன ஒரே காரணத்துக்காக பண்றது அவங்க டார்கெட்டுக்கு. நைட்ரஜன் அடிச்சா கெடுதல் இல்ல, ஆனா நம்ம சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான், பங்க்ல ஓசில அடிச்சுட்டு போங்க.

காசு போட வேண்டிய இடம் டயர். 2019 வண்டில இன்னும் கம்பெனி டயரே இருந்தா, டயர் பக்கவாட்டுல ஒரு முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், குனிஞ்சு டார்ச் அடிச்சு பாருங்க. 3519ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 35ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் (ரோட்டுல படுற பக்கத்து வரி) நல்லா இருக்கேன்னு விட்டுராதீங்க, ரப்பர் வயசானா ஓரத்துல தலைமுடி மாதிரி வெடிப்பு விடும், வெயில்ல மணிக்கணக்கா 100ல ஓடுறப்ப தான் அது வேலைய காட்டும். மாத்துறதா இருந்தா புதுசு போடுறப்பவும் அதே நம்பர கடைக்காரர் முன்னாடியே பாத்துட்டு போடுங்க, கடைல ரெண்டு வருஷம் தூங்குன டயர் புது டயர் விலைக்கு வரும், கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்"ம்பாங்க. ஆகாதுன்னா விலைய குறைக்க சொல்லுங்க.

அப்புறம் ஸ்டெப்னி. இத நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. சில வருஷம் முன்னாடி துவரங்குறிச்சி தாண்டி பஞ்சர், மத்தியானம் ஒரு மணி, தார் ரோடு கொதிக்குது, பெட்டியெல்லாம் இறக்கி வச்சுட்டு ஸ்டெப்னிய எடுத்து மாட்டி ஜாக்கிய இறக்குனா அதுவும் சப்புனு உக்காருது. மூணு வருஷமா அதுக்கு யாரும் காத்தே அடிக்கல, நானும் தான். அதனால காத்து அடிக்கறப்ப அஞ்சு டயர். காலைல வண்டி சூடாகுறதுக்கு முன்னாடி பாக்குறது தான் சரியான அளவு, ஓடி சூடானதும் ரெண்டு மூணு பாயிண்ட் ஏறி காட்டும், அத பாத்து பயந்து காத்த இறக்கிடாதீங்க. ஜாக்கி, ஸ்பேனர், முக்கோண ரிஃப்ளெக்டர் மூணும் வண்டில இருக்கான்னும் பாத்துருங்க. இது போக பிரேக் பேட், கூலன்ட், பேட்டரி, வைப்பர், லைட்டு. தெரிஞ்ச மெக்கானிக்கா இருந்தா அரை மணி நேர வேலை, டீ செலவோட சில நூறு ரூபாய்ல முடியும்.

இப்ப நேரம். ராத்திரி 10 மணிக்கு கிளம்பி விடியறப்ப போய் சேருறேன்னு சொல்ற கூட்டம் உண்டு, ஒத்த டிரைவரா இருக்கறப்ப அத செய்யாதீங்க. ராத்திரி ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் உடம்பு தானா தூக்கத்துக்கு இழுக்கும், அதே நேரத்துல தான் ஓரமா லைட் இல்லாம லாரி நின்னுகிட்டு இருக்கும். காலைல 4 மணிக்கு தாம்பரத்த விட்டுருங்க, 6 ஆயிட்டா பெருங்களத்தூர், கிளாம்பாக்கம், சிங்கப்பெருமாள் கோயில்னு அங்கயே ஒரு மணி நேரம் போயிரும். அதுக்கு முந்தின நாள் 9 மணிக்கு படுக்கணும். பெட்டி கட்டுறேன்னு 12 மணி வரைக்கும் முழிச்சுட்டு 3 மணிக்கு அலாரம் வச்சா சீக்கிரம் கிளம்பி புண்ணியமே இல்ல.

4 மணிக்கு விட்டா விழுப்புரம் பக்கம் 6 மணிக்கு ஒரு டீ, திருச்சி 9 மணி வாக்குல, அங்க டிபன். மதுரை 12 ஆகும். மதுரைக்குள்ள சாப்பாட்டுக்கு நுழையாதீங்க, வெளிய வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும், விருதுநகர்லயோ சாத்தூர்லயோ பாத்துக்கலாம். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவ ஒரு வெட்டு வெட்டிட்டு ஸ்டியரிங்ல உக்காந்தா கோவில்பட்டி வர்றதுக்குள்ள கண்ணு சொருகும், அதனால டிரைவருக்கு மட்டும் தயிர் சாதம், பரோட்டாவ பார்சல் வாங்கி ஊர்ல போய் சாப்பிடுங்க. மத்தியானம் 2 டூ 4 ரெண்டாவது தூக்க நேரம். அப்ப 20 நிமிஷம் சீட்ட சாய்ச்சு கண்ண மூடுங்க, காபிய விட அது தான் கேக்கும். கோவில்பட்டில கடலை மிட்டாய் வாங்குறதா இருந்தா (2020ல புவிசார் குறியீடு கிடைச்சது) ரோட்டோரம் முதல்ல தெரியுற கடைல வாங்காதீங்க, பாக்கெட்ட திருப்பி எங்க செஞ்சதுன்னு பாத்து வாங்குங்க. திருநெல்வேலி தாண்டுறப்ப 3, மூணரை இருக்கும், வீட்டுக்கு 5 மணி. 13 மணி நேரம், அதுல ஓட்டுறது பத்தரை மணி நேரம் தான்.

வேகமா போனா சீக்கிரம் போயிரலாம்னு தோணும். 30 கிலோமீட்டர 100ல போனா 18 நிமிஷம், 120ல போனா 15. மிச்சம் மூணே நிமிஷம், உங்க பொண்ணு ஒரு தடவ பாத்ரூம் கேட்டா போச்சு. நாலு வழிச்சாலைல கார்களுக்கு மத்திய அரசு 2018ல வச்ச உச்சவரம்பே 100 தான், போர்டுல அதுக்கும் கம்மியா போட்டிருந்தா அது தான் கணக்கு. ஊருக்குள்ள போற இடத்துல எல்லாம் மீடியன் வெட்டு வழியா பைக்கு குறுக்க வரும், எதிர் திசைல கூட வரும். காவல்கிணறு, ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி காத்தாடியா நிக்குதே, அது சும்மா நிக்கல, சீசன்ல பக்கவாட்டு காத்து வண்டிய தள்ளும். மேல கேரியர்ல பெட்டி கட்டிட்டு போறவங்க அங்க வேகத்த குறைச்சுக்கங்க.

அம்மாவுக்காக ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்துங்க, அவங்க கேக்க மாட்டாங்க, நம்ம அம்மாக்கள் தண்ணி குடிக்காம அடக்கிகிட்டு வருவாங்க. பெட்ரோல் பங்க்ல டாய்லெட், குடிதண்ணி, காத்து மூணும் இலவசம், பெட்ரோல் போட்டா தான் சாவி தருவேன்னு சொன்னா தரணும்னு கேளுங்க.

கடைசியா, இன்சூரன்ஸ் பேப்பர்ல ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு பாருங்க, இருந்தா டோயிங் (நின்னு போன வண்டிய இழுத்துட்டு போறது) எத்தன கிலோமீட்டர் வரைக்கும் ஓசின்னும் பாருங்க, அங்க தான் பொடி எழுத்துல வச்சிருப்பாங்க. அது இல்லாட்டியும் தேசிய நெடுஞ்சாலைல 1033க்கு அடிச்சா ஆம்புலன்ஸ், கிரேன் வரும்.

கேள்வி: சார், நான் வருஷத்துக்கு ரெண்டு தடவ சென்னைல இருந்து நாகர்கோவில் போயிட்டு வருவேன். ஃபாஸ்டேக் வருஷ பாஸ் 3000 ரூபா போட்டா லாபமா?

பதில்: வழில இருக்குற டோல எண்ணிருவோம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதகுடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி, ஊருக்குள்ள நுழையறப்ப திருப்பதிசாரம். 13. போக வர 26, ரெண்டு தடவைக்கு 52. 2025 ஆகஸ்ட் 15ல பாஸ் ஆரம்பிச்சப்போ 3000 ரூபாய்க்கு 200 தடவ இல்லாட்டி ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது. நீங்க வாங்கற அன்னைக்கு என்ன விலைன்னு ஆப்ல பாத்துக்கங்க. ஒரு பூத்துக்கு சராசரி 80 ரூபான்னு வச்சா கூட 38 தடவைல போட்ட காசு வந்துருது, உங்களுக்கு 52. லாபம் தான். உங்க ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட எடுத்து போன வருஷம் எவ்வளவு வெட்டிருக்குன்னு பாத்தா இன்னும் துல்லியமா தெரியும். வருஷத்துக்கு ஒரே தடவ போறவங்க வாங்க வேண்டாம், 26 தடவைல அந்த காசு வராது.

ஆனா ரெண்டு விஷயம். பாஸ் தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும். வண்டலூர் அவுட்டர் ரிங் ரோடு, ஈசிஆர், மதுரை ரிங் ரோடு மாதிரி மாநில அரசு ரோட்டுல ஃபாஸ்டேக்ல இருந்து வழக்கம் போல காசு போகும், அதனால பேலன்ஸ் வச்சுக்கங்க, டோல் வரிசைல நின்னுகிட்டு ரீசார்ஜ் பண்ணாதீங்க, கிளம்புறதுக்கு முந்தின நாளே போட்டுருங்க. ரெண்டாவது, பாஸ் சொந்த உபயோக வண்டிக்கு மட்டும், அதுவும் அந்த நம்பர் வண்டிக்கு மட்டும். மச்சான் வண்டில ஒட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. வாங்குறது ராஜ்மார்க்யாத்ரா ஆப்லயோ நெடுஞ்சாலை ஆணையத்தோட சைட்லயோ மட்டும், வாட்ஸ்அப்ல "பாதி விலைக்கு பாஸ்"னு வர்ற லிங்க்க தொடாதீங்க.

கேள்வி: ப்ரோ, ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் திருநெல்வேலி கல்யாணத்துக்கு போறோம். தெரிஞ்சவர் ஒருத்தர் ஒயிட் போர்டு (சொந்த உபயோகத்துக்கு பதிஞ்ச) 7 சீட்டர ஒரு நாளைக்கு 2,500க்கு தர்றாரு, கம்பெனில கேட்டா 4,000க்கு மேல. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ப்ரோ. சொந்த கார் இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"னு இருக்குற பத்திய படிச்சு பாருங்க, வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு இருக்கும். அடிபட்டா இன்சூரன்ஸ்காரன் கேக்குற முதல் கேள்வியே அது தான், அப்ப "ஃப்ரெண்டு வண்டி"ன்னு சொல்லிரலாம்னு அவர் சொல்லுவாரு, நீங்க அனுப்புன ஜிபே 2,500 அவர் சொன்னத பொய்யாக்கிரும். செல்ஃப் டிரைவ்னா கறுப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும், அத பாத்து எடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய சுத்தி வந்து ஒரு வீடியோ, ஸ்டெப்னி, பெட்ரோல் முள்ளு, கிலோமீட்டர் எல்லாம் தெரியுற மாதிரி. டெபாசிட் எத்தன நாள்ல திரும்ப வரும்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிருங்க.

இன்னொரு வழியும் இருக்கு. உங்க அஞ்சு பேர்ல யார்கிட்டயாவது வண்டி இருந்தா ஆக்டிங் டிரைவர் போட்டுக்கங்க. பேட்டா எத்தன மணி நேரத்துக்கு, ராத்திரி தங்குறதுக்கு என்ன, போறப்ப மட்டும் ஓட்டிட்டு அங்கயே இறங்கிட்டா அவர் திரும்பி வர்ற பஸ் காசு யாரு, இது மூணையும் முன்னாடியே பேசிருங்க. கல்யாண வீடு, ராத்திரி யாரும் தெளிவா இருக்க மாட்டீங்க, அதுக்கும் சேத்து தான் சொல்றேன்.

கேள்வி: ஹைவே ஓட்டல்ல 20 ரூபா போட்ட தண்ணி பாட்டிலுக்கு 30 வாங்கிட்டாங்க. இது தப்பு தானே?

பதில்: எங்க வாங்குனீங்கங்கறத பொறுத்து. உள்ள உக்காந்து சாப்பிடறப்ப டேபிளுக்கு கொண்டு வந்து குடுத்ததுன்னா, ஓட்டல் எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பர்லயே சொல்லிருச்சு, நமக்கு கடுப்பா இருந்தாலும் அது தான் நிலைமை. அதே ஓட்டல் வாசல்ல இருக்குற கடைல கவுண்டர்ல காசு குடுத்து எடுத்ததுன்னா 20க்கு மேல ஒரு பைசா வாங்க கூடாது. "கூலிங் சார்ஜ்"னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது. பில்ல கேளுங்க, பாட்டில் லேபிளயும் பில்லையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துகிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க. பில் தர மாட்டேன்னா ஜிபேல கட்டுங்க, கடை பேரும் நேரமும் அதுல விழுந்துரும்.

நான் என்ன பண்றேன்னா வீட்டு 20 லிட்டர் கேன்ல இருந்து ரெண்டு அஞ்சு லிட்டர் கேன்ல ஊத்தி பின்னாடி காலடில வச்சுருவேன். ஒரு நாளைக்கு நாலு பேருக்கு போதும், மிஞ்சுனா கண்ணாடி தொடைக்க ஆகும்.